பாப்பாவுக்கு வராத நோய்

தோற்ற வழக்கின் காகிதக் கட்டை வீட்டில் எங்கே வைத்தாலும் இடைஞ்சல்தான். பீரோவில் வைத்தால் துணி எடுக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. பரணில் போட்டால் மறுநாளே வக்கீல் கேட்கிறார். அதனால் தீர்ப்பு வந்த நாளிலிருந்து அது சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், குடும்பத்தில் ஒருவராகவே உட்கார்ந்துவிட்டது.

அன்று காலை பாப்பா அதைத் தூசி தட்டிப் பைக்குள் வைத்தாள்.

பாப்பாவுக்கு வயது ஐம்பதை எட்டிப் பார்க்கிறது. கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்து ஃப்ரேமில் பொருத்துகிற வேலை. கடையில் எல்லோருக்கும் அவள் மேடம். அண்ணன் தொட்டிலைப் பார்த்து வைத்த பெயர் மட்டும் தலை நரைத்த பிறகும் அவளை விடவில்லை. அந்த அண்ணன்தான் வழக்கில் எதிராளி.

வாராவாரம் வாசிப்பவர்கள் இதைக் கேட்டுச் சலித்திருப்பார்கள். இன்றுதான் கையில் எடுத்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அண்ணனுக்குச் சொந்தமான கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பாப்பாவின் கணவர் கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். அந்தக் கீழ்த்தளத்தை மாப்பிள்ளைக்கே விற்பதாக அண்ணன் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார், முன்பணமும் வாங்கிக்கொண்டார். பிறகு அந்தத் தெரு அகலமானது, அவர் மனம் சுருங்கியது. "அது வாடகைக்காக வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்து" என்று சாதித்தார். பட்டறைக்காரர் வழக்குப் போட்டார். ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவருக்கு ஞாபகசக்தி காலமாகிவிட்டது.

கீழ்க்கோர்ட் வழக்கைத் தள்ளிவிட்டு, பட்டறையைக் காலி செய்யவும் சொல்லிவிட்டது. மேல்முறையீடு போட்டதால் இப்போதைக்கு அந்த உத்தரவு நின்றிருக்கிறது. அங்கேயும் தோற்றால் வெல்டிங் மிஷினோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

தீர்ப்பில் நீதிபதி ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஒப்பந்தம் எழுதியபோது பட்டறையில் தானும் இருந்ததாகச் சொல்லப்படும் வாதியின் மனைவி ஏன் சாட்சிக் கூண்டு ஏறவில்லை?

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் இன்றைக்கு வரச் சொல்லியிருந்தார் வக்கீலம்மா.

வக்கீலம்மாவின் அலுவலகம் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. ஏறும் படிக்கட்டு குறுகல், நடுவில் ஒரு திருப்பம். கைப்பிடி ஆடும். பட்டறைக்காரர் வரும்போதெல்லாம் அதை ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்து, "ஒரே ஒரு வெல்டு, சரியாயிடும்" என்பார். இன்றும் சொன்னார். பாப்பா பதில் சொல்லவில்லை. அவருக்கும் பதில் தேவைப்படவில்லை. ஆண்டுக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்த தம்பதிகள் பெரும்பாலும் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள்.

வக்கீலம்மா கழுத்தில் பட்டை போட்டிருந்தார். கழுத்து வலி. இந்த வழக்கு அவரிடம் மேல்முறையீட்டில்தான் வந்தது. கீழ்க்கோர்ட்டில் வாதாடிய வக்கீல் தோற்றதும் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றுவிட்டார்.

"உட்காருங்க. அபிடவிட் ரெடி. அம்மா ஒரு கையெழுத்துப் போட்டா போதும். நாளைக்குக் காலையில தாக்கல் பண்ணிடலாம்."

பாப்பா தன் சொந்த வேலைக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். முதல் பத்தியில் அவள் பெயர், வயது, விலாசம். இரண்டாவதில், அவள் கடுமையான முதுகுத்தண்டு நோயால் படுத்த படுக்கையாக இருந்தாள். மூன்றாவதில், அவளால் எழுந்து உட்காரவே முடியவில்லை. நான்காவதில், எவ்வளவு முயன்றும் கோர்ட்டுக்கு வர இயலவில்லை.

"யாருங்க இது?" என்று கேட்டாள் பாப்பா.

"நீங்கதான்."

"எனக்கு முதுகுத்தண்டுல ஒண்ணுமே இல்லீங்களே."

வக்கீலம்மா பேனாவை மூடினார். "பாருங்கம்மா. கீழ்க்கோர்ட்ல கொடுத்திருக்கக்கூடிய சாட்சியத்தை மேல்கோர்ட்ல கொண்டுவந்து நீட்ட முடியாது. எத்தனை பாடுபட்டும் அப்பக் கொடுக்க முடியலைன்னு காரணம் காட்டணும். இல்லைன்னா, இதைக் கேக்காம தீர்ப்புச் சொல்ல முடியாதுன்னு கோர்ட்டுக்கே தோணணும். ரெண்டே வழிதான். மறந்துட்டோம், வேண்டாம்னு இருந்துட்டோம்னு சொன்னா மனுவை மடிச்சு வீசிடுவாங்க. அதனால எல்லாரும் எழுதுறதை எழுதியிருக்கேன்."

"எல்லாருக்கும் முதுகுத்தண்டா?"

"சிலருக்கு மஞ்சள் காமாலை" என்றார் வக்கீலம்மா, சிரிக்காமல். "சரி, படுக்கையில இல்லைன்னா அந்தச் சமயத்துல நீங்க எங்கேதான் இருந்தீங்க?"

பாப்பா கணவரைப் பார்த்தாள். அவர் கதவின் கீல் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணன் வீட்ல" என்றாள் பாப்பா.

"எந்த அண்ணன்?"

"எனக்கு ஒரே அண்ணன்தாங்க."

வக்கீலம்மாவுக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. உடம்போடு திரும்பி உட்கார்ந்தார்.

நடந்தது இதுதான். விசாரணை சூடுபிடித்த சமயத்தில் அண்ணி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டாள். மகள் வெளியூரில் நிறைமாதம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே அண்ணி போன் செய்தாள். "பாப்பா, வேற யாராவது தொட்டா எனக்குக் கூச்சமா இருக்குடி." அவ்வளவுதான் சொன்னாள். பாப்பா கடையில் லீவு சொல்லிவிட்டுப் போனாள். காலையில் பட்டறைக்காரர் அவளை வண்டியில் கொண்டுபோய் மச்சான் வீட்டுத் தெருமுனையில் இறக்கிவிடுவார். வாய்தா இருக்கிற நாட்களில் அங்கிருந்து நேராகக் கோர்ட்டுக்குப் போய் அதே மச்சானுக்கு எதிரே நிற்பார். மச்சானோ பாப்பா கட்டிக் கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வந்து இவருக்கு எதிரே நிற்பார். அண்ணி கட்டிலில் படுத்தபடியே ஒரு சட்டம் போட்டிருந்தாள். செருப்போடு கேஸையும் வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். மூன்று பேரும் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

வக்கீலம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இப்படி ஒரு குடும்பத்தை நான் பார்த்ததே இல்ல" என்றார். பிறகு என்னவோ நினைவு வந்தவர்போலக் கட்டைப் பிரித்து, அண்ணனுடைய வாக்குமூலத்தைத் தேடி எடுத்து உரக்கப் படித்தார்.

"'வழக்குப் போட்ட நாளிலிருந்து என் தங்கை என் வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. அவளுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. அவள் சாட்சி சொன்னால் அது பகையில் சொன்னதாகத்தான் இருக்கும்.' குறுக்கு விசாரணையில சொல்லியிருக்கார். சத்தியப்பிரமாணம் எடுத்துட்டு."

"எப்பச் சொன்னார்?"

வக்கீலம்மா தேதியைச் சொன்னார். தேதி பாப்பாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அண்ணன் கூண்டு ஏறிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. காலையில் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். காலர் பொத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றச் சொன்னால் நேரமாகும் என்று, அவர் போட்டிருந்தபடியே கழுத்தருகே நின்று அவள்தான் தைத்தாள். எங்கே போகிறார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தபோது, "பார்த்துடி, கழுத்தைக் கடிச்சுடாதே" என்று சிரித்தார்.

அந்தச் சட்டையோடு போய்த்தான் இதைச் சொல்லியிருக்கிறார்.

பாப்பாவுக்கு அழுகை வரவில்லை. உடம்பு முழுக்க ஓர் அலுப்பு வந்து அழுத்தியது. சொத்து போனால் போகட்டும், பொத்தானைக்கூடவா இல்லை என்பார் ஒருவர் என்று நினைத்தாள். தன்னை ஆளே இல்லாமல் செய்துவிட்ட மாதிரி இருந்தது.

"நீங்க அன்னிக்குக் கோர்ட்ல இருந்தீங்கல்ல?" என்று கணவரைக் கேட்டாள்.

"இருந்தேன்."

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

பட்டறைக்காரர் கீலை விட்டுவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தார். தீப்பொறி பட்ட தழும்புகள் நிறைய இருக்கும் கை அது. "சொல்லியிருந்தா மறுநாள் நீ உங்க அண்ணியைக் குளிப்பாட்டப் போயிருப்பியா?"

பாப்பா வேலைக்கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தாள்.

"உங்க அண்ணி எழுந்து நடக்கட்டும்னு இருந்தேன். வக்கீல்கிட்டயும் வாயைத் திறக்கல. திறந்தா உடனே உன்னைக் கூண்டுல ஏத்தியிருப்பார். அண்ணனுக்கு எதிரா தங்கச்சியை நிக்க வெச்சு நான் ஒரு கட்டடம் வாங்க வேண்டாம்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒன்று கேட்கலாம் என்பதே அவருக்கு இத்தனை நாள் தோன்றியிருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களோடு குடும்பம் நடத்துவதும் சில சமயம் அசதியான காரியம்.

வக்கீலம்மாவுக்கு மட்டும் கழுத்து வலி குறைந்தாற்போல் இருந்தது. "அம்மா, இந்த முதுகுத்தண்டெல்லாம் வேண்டாம். உண்மையையே எழுதலாம். நீங்க ஏன் வரலைங்கறதுக்கு இதுதான் காரணம். அவர் சத்தியம் பண்ணிச் சொன்னது பொய்னும் இதுலயே வந்துடுது. இதைப் பார்த்துட்டு உங்களை விசாரிக்காம விட கோர்ட்டுக்கே மனசு வராது."

"அண்ணனுக்கு என்ன ஆகும்?"

"பொய் சாட்சின்னு ஆகும். அதுக்கு மேல என்னன்னு கோர்ட் முடிவு பண்ணும்." வக்கீலம்மா கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு இருக்கு. நீங்க வந்தேன்னு சொல்வீங்க, அவர் வரலைம்பார். துணைக்கு ஒருத்தர் சொல்லணும். உங்க அண்ணி சொன்னா…"

"அண்ணியைக் கேக்க மாட்டேன்" என்றாள் பாப்பா. சொன்ன வேகத்தில் எழுந்தும் நின்றுவிட்டாள். "சாயந்தரம் வர்றேன். அதுவரைக்கும் எதையும் டைப் அடிக்காதீங்க."

அண்ணி வீட்டுக்குப் போகிற முறை நாள் அது. அண்ணி இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறாள் என்றாலும், வாரம் தவறாமல் பாப்பா போய்க் காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுத்துவிட்டு வருவாள். இன்றைக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று பஸ் நிறுத்தத்தில் நின்று யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

வாசலில் செருப்பைக் கழற்றினாள். கேஸைக் கழற்ற முடியவில்லை.

"வா வா. ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" அண்ணி கட்டிலில் சாய்ந்திருந்தாள். உடம்பு பாதியாகிவிட்டாலும் வாய் முழுசாக இருந்தது. "அந்தத் தரித்திரம் பிடிச்ச வாக்கரை முதல்ல விரி. காலையில உங்க அண்ணன் மடக்கி வெச்சார். அவருக்கு மடக்கத்தான் தெரியும்."

வாக்கரின் இடது காலில் இருக்கும் பூட்டு சண்டித்தனம் செய்யும். கையால் எவ்வளவு இழுத்தாலும் விரியாது. பாப்பா எப்போதும் செய்கிற மாதிரி குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினாள். விரிந்துகொண்டது.

காலைப் பிடித்து மடக்கும்போது இன்று கை தானாக நின்று நின்று போயிற்று. அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கேஸா?"

"அதை வீட்ல பேசக் கூடாதுன்னு சொன்னீங்களே அண்ணி."

"சொன்னேன். இப்ப நான்தான் கேக்கறேன்."

பாப்பா சொல்ல வேண்டாம் என்றுதான் வந்தாள். ஆனால் மற்றவர்கள் நன்மைக்காக வாயை மூடிக்கொண்டிருப்பது என்ன பாடு படுத்தும் என்பதைக் காலையில்தான் பார்த்திருந்தாள். காலை மடியில் வைத்துக்கொண்டு, பார்வையைக் காலிலேயே வைத்துக்கொண்டு, வக்கீலம்மா படித்ததை ஒப்பித்தாள்.

அண்ணி தலையணையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வாசற்படியை மிதிக்கலையாமா?"

"ஆமா."

"அப்ப என்னைக் குளிப்பாட்டினது யாரு?"

பாப்பா பதில் சொல்வதற்குள் வாசலில் சாவிச் சத்தம் கேட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அண்ணன் வந்துவிட்டார். வழக்கம்போலத் தங்கையைப் பார்த்து, "பாப்பா எப்ப வந்தே? பஸ்ல கூட்டமா?" என்றார். கை கழுவிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். வழக்கம்போல பாப்பா எழுந்து போய்ப் பரிமாற வேண்டும். அவள் எழுந்திருக்கவில்லை.

கட்டிலில் இருந்து அண்ணி கேட்டாள். "ஏங்க, நான் விழுந்து கிடந்தப்ப என்னைக் குளிப்பாட்டினது யாருங்க?"

அண்ணன் தட்டைத் திருப்பி வைத்தார். "இதென்ன கேள்வி?"

"சாதாரணக் கேள்விதான். பதில் சொல்லுங்க."

அவர் தங்கையைப் பார்த்தார். அவள் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது. அவர் பெருமூச்சு விட்டார். "வக்கீல் சொல்லிக் கொடுத்தார். அப்படிச் சொன்னாத்தான் பின்னால பாப்பா வந்து சொன்னாலும் நிக்காதுன்னார். நான் யோசிக்கல. அவ எப்படியும் வரமாட்டான்னு தெரியும். சும்மா ஒரு வாக்கியம்."

"சும்மா ஒரு வாக்கியமா?" என்றாள் பாப்பா. "அன்னிக்கு உங்களுக்குப் பொத்தான் தைச்சேன் அண்ணா."

அண்ணனுடைய கை அவரை அறியாமல் காலருக்குப் போனது. அந்தப் பொத்தான் தைத்த நாளை அவரும் மறக்கவில்லை போலிருக்கிறது.

"எழுதப் போறியா?"

"எனக்கு முதுகுத்தண்டு நோய்னு ஒரு காகிதம் வெச்சிருக்காங்க. நான் உங்க வீட்டுக்கே வரலைன்னு நீங்க சொன்ன அதே நாள்ல, நான் படுக்கையில கிடந்தேன்னு நானும் சொல்லணும். சொன்னா உங்க வாக்கியம் பிழைச்சுக்கும்."

"இல்லைன்னா நான் பொய்யன்."

"இல்லைன்னா நான் நோயாளி."

அண்ணன் தானே சோற்றைப் போட்டுக்கொண்டார். கரண்டி இரண்டு தடவை தட்டில் இடித்தது. "எல்லாம் எங்கேயோ ஆரம்பிச்சு எங்கேயோ வந்து நிக்குது" என்றார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். வயதான களைப்பு அவர் முதுகில் தெரிந்தது. பாப்பாவுக்கு அவர்மேல் கோபம் வர வேண்டிய நேரம். வரவும் செய்தது. கூடவே, பாவம், மோர்கூட ஊற்றிக்கொள்ளாமல் எழுந்துவிட்டாரே என்றும் தோன்றியது. இந்த இரண்டாவதுதான் அவளை அதிகம் எரிச்சல்படுத்தியது.

அவள் கிளம்பும்போது அண்ணி கையைப் பிடித்துக்கொண்டாள். "வக்கீல் என்னைக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க. முடியாதுன்னுட்டேன்."

"என்னைக் கேக்காம முடியாதுன்னு சொல்ல நீ யாருடி?"

"உங்களை அவருக்கு எதிரா நிக்க வைக்க எனக்கு மனசு வரல அண்ணி."

"உன் புருஷனுக்கும் இதே மனசுதான். அதனாலதானே வழக்கு தோத்தது?" அண்ணி கையை விட்டாள். "போ. வக்கீல் ஆபீஸ் எங்கேன்னு மட்டும் சொல்லிட்டுப் போ."

"ஜெராக்ஸ் கடை மாடி. உங்களால ஏற முடியாது."

"அதை நான் பார்த்துக்கறேன்."

மாலையில் வக்கீலம்மாவின் அறையில் புதிய அபிடவிட் தயாரானது. பாப்பா சொல்லச் சொல்லக் குமாஸ்தா அடித்தார். ஒப்பந்தம் எழுதியபோது பட்டறையில் தான் இருந்ததை, அண்ணன் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டதைச் சொன்னாள். அப்புறம் தன் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்பதையும் சொன்னாள். விசாரணை நடந்த அந்தக் காலத்தில் எதிர்மனுதாரரின் வீட்டுக்கே தினமும் போய் அவருடைய மனைவிக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்தேன் என்றாள். கணவர் தன்னைச் சாட்சிக்கு அழைக்க விரும்பவில்லை என்பதையும், தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்பதையும் எழுதச் சொன்னாள்.

"இந்தக் கடைசி வரி வேணுமா?" என்றார் வக்கீலம்மா. "கோர்ட் நமக்கு எதிராவும் எடுத்துக்கலாம்."

"உண்மைதானே. இருக்கட்டும்."

பட்டறைக்காரர் ஆட்சேபிக்கவில்லை. பாப்பா கையெழுத்துப் போடும்போது மட்டும் காகிதம் நகராமல் இருக்க ஒரு மூலையை விரலால் அழுத்திக்கொண்டார். போட்டு முடித்ததும் அவளுக்கு நிம்மதி வரும் என்று நினைத்தாள். வரவில்லை. ஒரு பெரிய துணி மூட்டையைத் துவைத்து முடித்த மாதிரி தோள்கள் வலித்தன.

கீழே ஹாரன் அடித்தது. விட்டு விட்டு, யாரையோ கூப்பிடுகிற மாதிரி.

பாப்பா ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். எதிர்ச்சாரியில் அண்ணனுடைய கார். முன் இருக்கையில் அண்ணி. கையை நீட்டி ஸ்டியரிங்கில் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தவளும் அவள்தான். அண்ணன் வெளியே இறங்கி நின்று வாக்கரை விரிக்கப் போராடிக்கொண்டிருந்தார். இழுத்தார், திருப்பினார், முழங்காலில் வைத்து அழுத்தினார். அது அசையவில்லை. தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள்.

"யாருங்க அது?" என்று பின்னால் வந்து பார்த்தார் வக்கீலம்மா.

"எங்க அண்ணன்."

"எதிர்க்கட்சியா?" வக்கீலம்மா ஜன்னலிலிருந்து பின்வாங்கினார். "நான் அவரோட பேசக் கூடாதும்மா. அவருக்கு வேற வக்கீல் இருக்கார்."

"நாங்களும் பேசிக்கிறதில்லைங்க" என்றார் பட்டறைக்காரர், செருப்பைத் தேடிக்கொண்டே.

பாப்பா சாலையைக் கடந்து போனாள். அண்ணனிடமிருந்து வாக்கரை வாங்கி, தரையில் நிறுத்தி, இடது காலில் குதிகாலால் தட்டினாள். விரிந்தது. அண்ணன் அந்தக் குதிகாலையே பார்த்தார்.

"கூட்டிட்டு வரலைன்னா ஆட்டோவில வருவேங்கறா" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "ஆட்டோவில வந்தா குலுக்கும்."

அண்ணி வாக்கரைப் பிடித்துச் சாலையைக் கடந்து படிக்கட்டின் அடிவரை வந்துவிட்டாள். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தாள். வாக்கர் ஏறக்கூடிய படிகள் இல்லை அவை.

ஜெராக்ஸ் கடைக்காரர் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொடுத்துவிட்டு இயந்திரத்துக்குத் திரும்பிவிட்டார். அண்ணியை அதில் உட்காரவைத்தார்கள். தூக்க இரண்டு பேர் வேண்டும். அங்கே ஆண்பிள்ளைகள் என்று இரண்டு பேர்தான் நின்றார்கள். வாதியும் பிரதிவாதியும். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆளுக்கு ஒரு பக்கம் குனிந்தார்கள். பாப்பா மடக்கிய வாக்கரோடு பின்னால் ஏறினாள்.

"கைப்பிடியைப் பிடிக்காதீங்க, ஆடும்" என்றார் பட்டறைக்காரர். வழக்குப் போட்ட பிறகு மச்சானிடம் அவர் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"தெரியுது" என்றார் அண்ணன்.

நடுத் திருப்பம் வந்ததும் அண்ணன் மூச்சு வாங்கினார். "கொஞ்சம் இறக்கு." நாற்காலியை வைத்தார்கள். மேலே வக்கீலம்மாவின் கதவு திறந்திருந்து வெளிச்சம் விழுந்தது. கீழே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். துடைக்கும்போது காலர் பொத்தானில் விரல் பட்டு நின்றது.

"நீ கையெழுத்துப் போட்டுட்டியா பாப்பா?"

"போட்டுட்டேன் அண்ணா."

"என்னை வீட்ல பார்த்ததா எழுதியிருக்கியா?"

"தினமும் பார்த்ததா எழுதியிருக்கேன்."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, வேண்டாம் என்று ஆட்டினாரா, அந்த வெளிச்சத்தில் பாப்பாவால் சொல்ல முடியவில்லை. அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, மறுபடியும் குனிந்து நாற்காலிக் காலைப் பிடித்தார். பட்டறைக்காரரும் குனிந்தார். இருவரும் தூக்காமல், அடுத்தவர் தொடங்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த அண்ணி நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பற்றிக்கொண்டாள்.

"மேலேயா, கீழேயா?" என்றாள். "சொல்லிட்டுத் தூக்குங்க."